ஆளுமைக் கோளாறு நோயா, போர்க் காயத்துக்கு இட்ட வேறு பெயரா?

கனகராயன்:
முல்லைத்தீவுப் பக்கம் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு இப்போது 24 வயது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு 8 வயது, தகப்பன் வரவில்லை. சில வருடங்களாக, ஒருவரோடு உயிருக்குயிராகப் பழகுவதும், அவர் ஒரு நாள் அழைப்பை எடுக்காவிட்டால் எல்லோரும் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கொந்தளிப்பதும், பிறகு தன்னையே காயப்படுத்திக்கொள்வதுமாக இருக்கிறாள். போன மாதம் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்து, ‘ஆளுமைக் கோளாறு’ என்று சொல்லிக் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். போர் செய்த காயத்தைப் பிள்ளையின் குணத்தில் உள்ள பிழையாக எழுதி வைப்பது என்ன நியாயம்? வன்னி மக்களிடையே ஆய்வு செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்றே பேசினார். குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்ததை எடுத்துச் சொன்னார். யாருடைய ஆளுமையும் கோளாறு என்று அவர் சொன்னதாக நான் அறியவில்லை.

வயல்வரம்பு:
தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பிறவிக் குணம் பொங்கல் போட்டாலும் போகாது என்று நம் முன்னோர் சொன்னது வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கிப் பொங்கிக் கண்ட அனுபவமாகத்தான் இருக்க வேண்டும். குணத்துக்கு மருந்து இல்லை. அதற்கு ஒரு நோய்ப் பெயரையும் சூட்டினால் ‘விசர்’ என்ற சொல் ஊரில் ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு ஒரு கலியாணம் பேச முடியாது. வீட்டுக்குள்ளே வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது.

பாலைப்பழம்:
கிளிநொச்சி மாவட்டத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். பத்து நிமிடத்தில் அந்தப் பெயரைச் சொன்னது தவறு. அதை நான் காக்க வரவில்லை. ஆளுமைக் கோளாறு என்பது தன்னைப் பார்க்கும் விதமும் பிறரோடு பழகும் விதமும் நெடுநாள் சீர்குலைந்திருக்கும் நிலை, அந்த முடிவுக்கு ஒருவருடைய பல வருட வாழ்க்கையைக் கேட்டறிய வேண்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, ஏறக்குறைய இரண்டு வருடமாவது நீடித்த போக்காக இருக்க வேண்டும் என்கிறது. பழைய பதிப்பில் இருந்த தனித்தனி வகைகளை எடுத்துவிட்டு, இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவு பார்க்கச் சொல்கிறது. அவற்றுள் ‘எல்லைக்கோட்டு’ (borderline) வகையை மட்டும் மேலதிகக் குறிப்பாக வைத்திருக்கிறது. கனகராயன் ஐயா விவரித்தது அதற்கு நெருக்கமாகத் தெரிகிறது, ஆனால் எழுத்தைப் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

அதே பதிப்பில்தான் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் (PTSD) சிக்கலான வடிவமும் தனி நோயாக முதன்முதலில் சேர்க்கப்பட்டது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுபாடு உண்டு. சிக்கலான மனவடு உள்ளவர் ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்ற ஒரே எண்ணத்தில் நிலைத்து, உறவுகளிலிருந்து விலகி நிற்பார். கனவிலும் நனவிலும் பழைய சம்பவம் திரும்பத் திரும்ப வரும். எல்லைக்கோட்டு நிலையில் தன்னைப் பற்றிய எண்ணமே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று; உறவு உச்சியிலிருந்து பள்ளத்துக்கு விழும்; கைவிடப்படுவோம் என்ற பயமே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே, போரா ஆளுமையா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை.

வயல்வரம்பு ஐயாவின் பழமொழிக்கு ஒரு பதில். அமெரிக்காவில் மேரி சனரினி என்பவரின் குழு, வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 290 எல்லைக்கோட்டு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. பத்து வருடத்துக்குள் 93 சதவீதமானோர் குறைந்தது இரண்டு வருடம் நோயறிகுறிகள் தணிந்து வாழ்ந்தார்கள். தொழிலும் உறவும் சேர்ந்து சீரானவர்கள் பாதிப்பேர் மட்டுமே, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பொங்கல் போட்டும் போகாத குணமாக இது இல்லை.

கனகராயன்:
எண்ணிக்கையெல்லாம் சரி, அக்கா. ஆனால் அந்தத் தணிவு குளிசையால் வந்ததா?

பாலைப்பழம்:
அப்படிச் சொல்ல முடியாது. இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. பிரித்தானியாவின் 2009 சிகிச்சை வழிகாட்டி, இந்த நிலைக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கூடவே மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்காகக் கொடுத்திருப்பார்கள். அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எதற்குத் தந்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு வழிச் சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய முறையில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழுப் பயிற்சி, நெருக்கடியில் தொலைபேசி ஆலோசனை என்று ஏறத்தாழ ஒரு வருடம் போகும். கொந்தளிப்பு ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் ஆழ்த்துவதையும், பிறகு மூச்சை மெல்ல விடுவதையும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். குளிர்நீர் பட்டால் இதயத்துடிப்புக் குறையும்.

வயல்வரம்பு:
வாரம் ஒரு தனிச் சந்திப்பு, குழு, தொலைபேசி! விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு வாரம் இரண்டு முறை போக ஒருவருக்கு நாட்கூலி போகும். நுண்கடன் கட்டும் நாளும் அதே வாரம் வரும். கொழும்பில் இருப்பவர்களுக்கு எழுதிய சிகிச்சையை இங்கே விற்கிறீர்கள்.

பாலைப்பழம்:
இது நியாயமான கேள்வி. கனடாவின் டொரொண்டோவில் 180 பேரைக் கொண்டு ஒரு ஆய்வு நடந்து, 2009இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு லினெஹன் முறை. மற்றவர்களுக்கு உளநல வைத்தியர் தரும், ஒழுங்காகத் திட்டமிட்ட பராமரிப்பு. ஒரு வருட முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே தேறியிருந்தன. அந்தப் பராமரிப்பும் வாரந்தோறும் நடந்ததுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு லினெஹன் முறையில் தேர்ந்தவர் தேவைப்படவில்லை. ஒரே ஆள், ஒரே நாள், நிலைமையை விளக்கிச் சொல்லும் பேச்சு, நெருக்கடியில் என்ன செய்வது என்ற எழுத்துத் திட்டம் ஆகியவற்றை இங்குள்ளவர்களும் தர முடியும். ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் எங்களுடைய பெருங்குறை. பழகிய வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போனால், கைவிடப்படுவோம் என்ற பயம் உள்ளவருக்கு அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலம்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 32 வயது. இதே பெயரை எனக்கும் ஆறு வருடத்துக்கு முன் வவுனியாவில் சொன்னார்கள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, எனக்கு நடப்பதை வேறு யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார் என்பது ஆறுதலாக இருந்தது. அதுவரை நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒரே உளவளத்துணையாளரிடம் மூன்று வருடம் போனேன், மழையில் இரண்டு முறை வீதி மூடி வராமல் விட்டதைத் தவிர. இரவில் தாங்க முடியாதபோது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்திருக்கிறேன். பெயர் எனக்கு உதவியது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்த நாட்கள் உதவவில்லை, வயல்வரம்பு ஐயா.

கனகராயன் அண்ணா, நோயா போரா என்று இவ்வளவு நேரம் பேசினீர்கள். அந்தப் பெயரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களா?

கனகராயன்:
இல்லை. கிளினிக்கிலும் அவளுக்காக நானே பேசினேன். இன்று மாலை கேட்கிறேன். பெயரை நான் இன்னும் ஏற்கவில்லை, ஆனால் அடுத்த முறை அவளை முதலில் தனியாக உள்ளே விட்டு வெளியில் இருக்கிறேன்.