சம்பா அறுத்த வயலா, உளுந்து எடுத்த வயலா? கையால் செய்த ஆர்.சி. விமானக் கூடலுக்கு இடமும் தேதியும்

அரசலாறு:
கும்பகோணத்துக்குக் கிழக்கே, சொந்தக் கையால் செய்த ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கிற) விமானங்களுக்கு மட்டும் ஒருநாள் கூடல் வைக்கலாம் என்பது யோசனை. பால்சா மரம், டெப்ரான் நுரைத் தகடு, சன்போர்டு நுரை அட்டை எதில் செய்திருந்தாலும் சரி. பேட்டரியில் ஓடணும், எடை 2 கிலோவுக்குள் இருக்கணும். பெட்டியோடு வாங்கிய ரெடிமேட் வேண்டாம். தேதி மாசி முதல் ஞாயிறு, இடம் சம்பா அறுத்த வயல். தஞ்சாவூர்ப் பக்கமே போக வேண்டாம், அங்கே விமானப்படைத் தளம் 2013 முதல் இருக்கிறது, 2020இல் சுகோய் போர்விமான ஸ்குவாட்ரனும் வந்துவிட்டது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக உள்ள இடத்தில் 400 அடி வரைதான். அன்று காலையிலும் வரைபடத்தை மறுபடி பார்த்துவிடணும். மாசியில் வாடை தணிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. 60 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துக்கு அறுத்த நெல் தாளைச் செதுக்கினால் ஓடுதளம் தயார்.

உளுந்துவயல்:
தம்பி, மாசியில் அந்த வயல் வெறும் வயல் இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டிருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் தரிசு மாதிரிதான் தெரியும். உரமோ தண்ணியோ கிடையாது. இருக்கிற ஈரத்திலும் பனியிலும் 65, 70 நாளில் வருகிற பயிர் அது. 8 மீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் அந்தப் பட்டை மொத்தமும் போச்சு. ஓடுதளத்தை விடுங்கள், விழுந்த விமானத்தைத் தேடிப் பத்துப் பேர் குறுக்கே ஓடுவார்களே, அந்த மிதி யார் கணக்கு?

அரசலாறு:
அண்ணே, உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்துக்கொள்கிறோம். மிஷின் அறுப்பில் சக்கரம் ஏறி, தெளித்தும் முளைக்காத வயல் உண்டு. அதற்கு நஷ்ட ஈடும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். சித்திரைக்குத் தள்ளினால் வேறு பிரச்சினை வருகிறது. மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் க்ளூ கன் பசை இளகும், மோட்டார் பலகை கோணம் மாறும், பறக்கும்போது மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். செல்லுக்கு 4.2 வோல்ட் முழுச் சார்ஜில் லித்தியம் பேட்டரி வெயிலில் கிடந்தால் உப்பும். இறங்கின சூட்டோடு சார்ஜில் போடவும் கூடாது.

கொள்ளிடக்கரை:
இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது: சித்திரையில் கொள்ளிடத்து மணல். பயிர் இல்லை, பம்புசெட் கரண்ட் கம்பி இல்லை, தென்னை இல்லை. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன் ஆறு காய்ந்துதான் கிடக்கும். காலை 5.45க்கு ஆரம்பித்து 9க்கு முடித்தால் வெயில் பிரச்சினையும் இல்லை. நீர்வளத் துறையிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் வாங்கிவிடலாம்.

வெண்ணாறு:
மணலுக்கு நான் எதிர்ப்பு. ஆற்று மணலில் கருமணல் துகள் கலந்திருக்கிறது, அது காந்தத்தில் ஒட்டும். நம் மோட்டார் எல்லாம் வெளிக்கூடு சுற்றுகிற பிரஷ்லெஸ். வயிற்றால் ஒருமுறை இறங்கினால் போதும், கூட்டின் உள்பக்கக் காந்தங்களில் மீசை முளைத்த மாதிரி துகள் அப்பிக்கொள்ளும். ஊதினால் போகாது, கூட்டைக் கழற்றி ஒட்டும் நாடாவால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்கணும். காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, உராய்ந்து எனாமல் போனால் சுருள் எரியும், கூடவே ஸ்பீடு கண்ட்ரோலரும் போகும். மடல்களை அசைக்கிற 9 கிராம் சர்வோ மோட்டாரின் பிளாஸ்டிக் பல்லில் மணல் ஏறினால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) பாதியில் சிக்கி நிற்கும். இன்னொன்று, அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. மடுவில் விழுந்த விமானத்தை எடுக்க ஒரு பையன் இறங்கினால் தடுக்க ஆள் போடுவீர்களா?

கொள்ளிடக்கரை:
முதலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்; மடு இருக்கிற பக்கம் வேண்டாம். ஆனால் மணலுக்குத் தார்ப்பாய் விரிக்கலாமே. நெல் காயப்போடுகிற பெரிய பாய் இரண்டு போதும்.

வெண்ணாறு:
பாய் காற்றில் தூக்கும். தூக்காமல் இருக்க ஓரத்தில் செங்கல் வைப்பீர்கள், சக்கரம் அதில்தான் மோதும். அதோடு, புறப்படத்தான் பாய் உதவும். புதுசாய்ச் செய்த விமானம் பாயில்தான் இறங்கும் என்று யார் சொல்வது? பஞ்சாயத்து சிமெண்ட் களத்தில் ஓடவிட்டு எழுப்பி, பக்கத்து வயலில் வயிற்றால் இறக்குவது மேல். களம் மாசியில் கிடைக்காது, நெல் குவிந்திருக்கும். சித்திரையில் காலி. சக்கரமே வேண்டாம் என்பவர்கள் கையால் எறியலாம். சக்கரக் கம்பி இல்லாததில் எடையும் குறையும், வயலில் தாள் சிக்கிக் குப்புற விழுவதும் இல்லை.

குடமுருட்டி:
சித்திரை என்றால் களிமண் வெடித்திருக்கும். 75 மில்லிமீட்டர் சக்கரம் வெடிப்பில் இறங்கினால் கம்பியோடு அடிப்பலகையும் பிய்ந்து வரும். காற்றையும் பாருங்கள். விடிகாலையில் அசையாது, வெயில் ஏறியதும் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் முன்னாலேயே வந்துவிடும். ஓடுதளத்தை வடக்கு தெற்காகப் போட்டால் 700 கிராம் சன்போர்டு இறங்கும்போது குறுக்குக் காற்றில் இறக்கை தூக்கும். ஆகவே கிழக்கு மேற்காகத்தான் போடணும். விமானிகள் வடக்கு வரப்பில் தெற்கு பார்த்து நிற்கட்டும், சித்திரைக் காலையில் சூரியன் சற்று வடகிழக்கில் இருக்கும், கண்ணில் குத்தாது. அவர்கள் முதுகுப் பக்கத்தில், வண்டி நிற்கிற இடத்துக்கு மேல் ஒரு விமானமும் பறக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

அரசலாறு:
அப்படியானால், பறக்கும் முன் ஒவ்வொரு விமானத்தையும் இன்னொருவர் சோதித்துப் பார்க்கிற சரிபார்ப்பு மேசையை விட்டுவிடலாம். 5.45க்கு ஆரம்பித்து 9க்குள் முடிக்கணும் என்றால், இருபது விமானத்தையும் மேசையில் வைத்துப் பார்க்க நேரம் இல்லை. செய்தவருக்குத் தெரியாததா மற்றவர் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

வெண்ணாறு:
செய்தவர் கண்ணுக்குத்தான் தெரியாது. அதனால்தான் இன்னொருவர் பார்க்கணும். ரிமோட் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலெரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே வரணும். மேசையில் வைத்து மாதக்கணக்கில் பார்த்தவர் தலைகீழாக இருந்தாலும் சரி என்றே சொல்வார், எறிந்த இரண்டாவது நொடியில் விமானம் தரையில் கிடக்கும். நான் கேட்பது நான்கே சோதனை. ஐலெரான், எலிவேட்டர் திசை. ஈர்ப்பு மையம், இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள், பேட்டரியோடு தூக்கிப் பார்க்கணும். ரிமோட்டைக் குறைந்த சக்தியில் வைத்து 30 தப்படி நடந்து பார்ப்பது. நான்காவதுதான் முக்கியம்: விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணைக்கணும். மோட்டார் நின்றால் பறக்கலாம். விமானத்தில் உள்ள சில ரிசீவர் கடைசியாக வந்த திராட்டிலையே (மோட்டார் வேகத்தையே) பிடித்து வைத்திருக்கும், சிக்னல் போனால் அப்படியே ஊருக்குள் போய்விடும். அதைப் புரொபெல்லர் மாட்டாமல் வீட்டிலேயே சரிசெய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
இன்னொன்றும் சேருங்கள். நான்கு சர்வோ போட்டவர்கள் ஸ்பீடு கண்ட்ரோலரில் உள்ள 2 ஆம்பியர் சப்ளையையே நம்பியிருப்பார்கள். 3 செல் பேட்டரியில் அது சூடேறித் தானாகக் கட் ஆகும், அந்த நொடி ரிசீவரும் செத்துவிடும். 5 வோல்ட்டுக்குத் தனி சப்ளை போட்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அரசலாறு:
நான்கு சோதனை என்றால் ஒரு விமானத்துக்கு மூன்று நிமிஷம். இரண்டு மேசை போட்டால் அரை மணியில் முடியும். மேசைக்குச் சம்மதம். சித்திரைக்கும் சம்மதம், ஆனால் வெடிப்புக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

உளுந்துவயல்:
உளுந்து பிடுங்கிய பத்து நாளுக்குள் வாருங்கள் தம்பி. செடியின் நிழல் இருந்தவரை மண்ணில் கொஞ்சம் ஈரம் நிற்கும், வெடிப்பு விரல் அளவுக்குள்தான் இருக்கும். அப்புறம் கை நுழையும். கோடை உழவு ஓட்டிவிட்டால் கட்டி கட்டியாகக் கிடக்கும், அதில் வயிற்றால்கூட இறக்க முடியாது. செம்மறிக் கிடை போட ஆள் பேசியிருக்கிறார்களா என்பதையும் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு நிற்கிற வயலுக்கு மேல் மோட்டார்ச் சத்தம் வேண்டாம். பங்குனிக் கடைசியில் எந்த வயல் எப்போது பிடுங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும், அதைப் பார்த்துத் தேதி வையுங்கள். களத்துக்குப் பக்கத்திலேயே வரப்பு நேராக, கிழக்கு மேற்காக ஓடுகிற வயல் ஒன்று கிடைக்கும். கரண்ட் கம்பிதான் அதில் வடமேற்கு மூலையில் குறுக்கே போகிறது, வந்து பார்த்து அளந்துகொள்ளுங்கள்.