திரை மாறினால் சேமி பட்டன் காணாமல் போகிறது: டிகின்டரில் ஃபிரேம் பிரிப்பது எப்படி?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி)

வணக்கம். மாமாவின் உரக்கடைக்குப் பாக்கிக் கணக்கு எழுத, பைத்தானில், ஜன்னல், பட்டன் எல்லாம் வரைய உதவும் டிகின்டர் வைத்து ஒரு சின்ன மென்பொருள் செய்திருக்கிறேன். ரசீது போட கடையில் தனி மெஷின் உண்டு. இது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று மாமா எழுதும் நீள நோட்டுக்குப் பதிலாக. மேலே வாடிக்கையாளர் பெயர், ஊர், கைபேசி எண். நடுவில் என்ன உரம், எத்தனை மூட்டை, தொகை, பாக்கி என்று ஓர் அட்டவணை. கீழே சேமி, அச்சிடு, மூடு என மூன்று பட்டன்.

எல்லாவற்றையும் பிளேஸ் போட்டு, எக்ஸ் இத்தனை, ஒய் இத்தனை என்று எண் கொடுத்து வைத்தேன். என் லேப்டாப் திரை 1920க்கு 1080. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தியதில் அச்சடித்த படிவம் மாதிரி நின்றது. கடையில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டர், திரை 1366க்கு 768. அங்கே திறந்தால் சேமி பட்டனையே காணோம். நான் அதை வைத்திருந்தது ஒய் 780இல்! போதாததற்கு, லேபிள் 'வாடிக்கையாளர் பெ' என்பதோடு நின்று, மீதி எழுத்து பக்கத்துப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரம். யூரியா வாங்க ஆட்கள் வாசல்வரை நிற்கிறார்கள். மாமா இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு, வரிசை, நெடுவரிசை என்று பிரித்து வைக்கும் கிரிட்டுக்கு மாற்றலாம் என்று மேல் பகுதியை மட்டும் மாற்றினேன். பட்டன்களுக்கு, ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும் பேக் போட்டேன். ஒரே இடத்தில் இரண்டையும் கலக்க முடியாது என்று பிழை காட்டுகிறது. ஏதாவது ஒன்றில்தான் முழுதும் எழுத வேண்டுமா? எந்தத் திரையிலும் ஒழுங்காக நிற்க என்ன செய்ய வேண்டும்?

—

டெல்டா டெக்கி

பேக், கிரிட் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே தாய்க்குள், அதாவது அவற்றைச் சுமக்கும் ஒரே ஜன்னலுக்குள் அல்லது ஃபிரேமுக்குள், இரண்டும் கூடாது, அவ்வளவுதான். மேல் பகுதியை ஒரு ஃபிரேமில் (மற்றவற்றை உள்ளே வைக்கும் வெற்றுச் சட்டம்) போட்டு அதற்குள் கிரிட், கீழ்ப் பகுதியை இன்னொரு ஃபிரேமில் போட்டு அதற்குள் பேக். பிழை போய்விடும்.

—

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்)

பிழை போய்விடும், ஆனால் பட்டன் வந்துவிடாது. தம்பி கேட்டது இரண்டாவதைத்தான்.

கடைமடைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. எந்த மதகை எவ்வளவு தூக்குகிறார்களோ, அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர். ஜன்னலைப் பெரிதாக்கும்போது மிஞ்சுகிற இடமும் இப்படித்தான் பங்கு போகிறது. கிரிட்டில் வெயிட் என்பதுதான் மதகு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வெயிட் 0, அதாவது மூடிய மதகு. ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே இருப்பவை மேல் இடது மூலையிலேயே ஒண்டிக்கொண்டிருக்கும். ஒரு நெடுவரிசைக்கு 1, அடுத்ததற்கு 3 என்று கொடுத்தால், மிஞ்சும் இடத்தில் முதலாவதைப்போல் மூன்று பங்கு இரண்டாவதற்குப் போகும். பேக்கில் இதே வேலையை எக்ஸ்பாண்டும் ஃபில்லும் செய்கின்றன.

இதில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஃபிரேமுக்கு வெயிட் கொடுத்துவிட்டு, அதைச் சுமக்கும் வெளி ஃபிரேமில் கொடுக்க மறந்துவிடுவார்கள். தலைப்பில் மதகு மூடியிருந்தால் உங்கள் ஊர் வாய்க்காலை எத்தனை தடவை தூர் வாரினாலும் தண்ணீர் வருமா? ஜன்னலில் தொடங்கி அட்டவணைவரை நடுவில் உள்ள ஒவ்வொரு ஃபிரேமிலும் வழி திறந்திருக்க வேண்டும். அப்புறம் ஸ்டிக்கி. கிரிட்டின் அறைக்கு இடம் வந்த பிறகும் பெட்டி நடுவில் சும்மா நிற்கும். நாலு பக்கமும் ஒட்டிக்கொள் என்று சொன்னால்தான் விரியும்.

இனி உங்கள் படிவம். கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் வரையுங்கள். வயலுக்கு வரப்பு போடுகிற மாதிரி முதலில் மூன்று பெரிய கட்டம்: விவரம், அட்டவணை, பட்டன். இந்த மூன்று ஃபிரேமையும் ஜன்னலில் பேக் செய்யுங்கள். விவர ஃபிரேமுக்குள் கிரிட்: லேபிள் இருக்கும் நெடுவரிசைக்கு வெயிட் 0, எழுதும் பெட்டி இருக்கும் நெடுவரிசைக்கு 1. லேபிள்களுக்கு விட்த் (அகலம்) கொடுக்கவே வேண்டாம். அங்கே நாம் கொடுக்கும் எண், அந்த எழுத்துருவின் '0' எத்தனை அகலமோ அதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 'வாடிக்கையாளர்' எண்ணினால் ஏழெழுத்துதான், ஆனால் 'கை', 'யா', 'ள' எல்லாம் சுழியத்தைவிட எவ்வளவோ அகலம். எண் கொடுக்காமல் விட்டால் லேபிள் தனக்கு வேண்டியதை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பேக் செய்யும் வரிசையைக் கவனியுங்கள், உங்கள் பட்டன் கதையே இதில்தான் இருக்கிறது. முதலில் விவரம், மேலே. இரண்டாவதாகப் பட்டன் ஃபிரேம், சைட் என்பதற்கு பாட்டம். கடைசியாகத்தான் அட்டவணை, ஃபில் இரு பக்கமும், எக்ஸ்பாண்ட் ட்ரூ. பேக் பந்தி பரிமாறுகிற மாதிரி. முதலில் உட்கார்ந்தவருக்கு முதலில் இலை. ஜன்னல் சுருங்கினால் கடைசியில் வந்தவர்தான் நசுங்குவார். அட்டவணை நசுங்கலாம், அதற்கு ஸ்க்ரோல்பார் இருக்கிறது. சேமி பட்டன் நசுங்கக் கூடாது. ஓர் அரிசி ஆலையில் எடைக் கணக்குக்கு எழுதிக் கொடுத்தபோது இந்த வரிசையைத் தெரியாமல் நான் மாற்றி வைத்துவிட்டேன். லாரி வெளியே நிற்க, எடை போடுகிற பெரியவர் பட்டனைத் தேடிக்கொண்டிருந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. உங்கள் மாமா நோட்டை எடுத்தார் என்று படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

எழுதும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு நிறம் கொடுத்து வையுங்கள். எது விரிகிறது, எது விரியவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

—

டெல்டா டெக்கி

அக்கா சொன்னது சரி. எழுத்துருவையும் பாருங்கள். லேப்டாப்பில் நிர்மலா வைத்து எழுதியிருந்தால், அது விண்டோஸ் 7இல் கிடையாது, அங்கே இருப்பது லதா. இரண்டுக்கும் அகலம் வேறு. பைத்தான் 3.8க்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

—

பொன்னி நிரல் (மயிலாடுதுறை)

இதைப் படித்து, டிகின்டர் மாதிரியே இன்னொரு கருவியான ஜிடிகே பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் பாக்ஸ், கிரிட் என்று இதே யோசனைதான். மதகு வேலையை எச்-எக்ஸ்பாண்ட், வி-எக்ஸ்பாண்ட் பார்க்கின்றன. ஆனால் 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4இல் கன்டெய்னர் என்ற பொதுத் தாயையே எடுத்துவிட்டார்கள். உள்ளே சேர்க்க ஆட் என்று எழுதிய பழைய பாடங்கள் அப்படியே ஓடாது. பாக்ஸில் அப்பெண்ட், ஜன்னலில் செட் சைல்ட். இதே வகைக் கருவியான க்யூட்டியில் இதே பங்குக்கு ஸ்ட்ரெட்ச் என்று பெயர்.

—

கடைமடைக்காரன்

அக்கா, வந்துவிட்டது! தாளில் வரைந்து, மூன்று ஃபிரேமுக்கும் மஞ்சள், பச்சை, நீலம் கொடுத்துப் பார்த்தேன். பச்சை, அதாவது அட்டவணை ஃபிரேம், விரியாமல் நின்றது. போய்ப் பார்த்தால் அதற்கு எக்ஸ்பாண்ட் கொடுக்கவில்லை, தலைப்பு மதகு மூடியிருந்தது. அதைத் திறந்ததும் அட்டவணை ஓரம்வரை போனது. ஜன்னலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினாலும் சேமி பட்டன் கீழேயே நிற்கிறது.

இன்று காலை கடையில் போட்டுக் கொடுத்தேன். மாமா, 'எழுத்து பொடிசா இருக்குடா' என்றார். 11 இருந்ததை 16 ஆக்கினேன். முன்பு என்றால் நாற்பது எண்ணைத் திருத்தியிருக்க வேண்டும். இப்போது லேபிள், பெட்டி, பட்டன் எல்லாம் தாமாகவே பெரிதாகி நகர்ந்துகொண்டன. அட்டவணையில் மட்டும் ஒரு சிக்கல். 'யூரியா', 'பொட்டாஷ்' இவற்றின் மேல் வளைவும் புள்ளியும் வெட்டுப்படுகின்றன. இதற்கும் வெயிட் கொடுக்க வேண்டுமா?

—

மூணாறு தலைப்பு (நீடாமங்கலம்)

வெயிட் இல்லை தம்பி. அட்டவணை வரையும் ட்ரீவியூவில் வரிசையின் உயரம் எழுத்தோடு சேர்ந்து வளராது. ஸ்டைலில் (தோற்ற அமைப்பு) ரோஹைட், அதாவது வரிசை உயரம், என்று ஒன்று இருக்கிறது. எண்ணைக் கையால் போடாதீர்கள், நாளைக்கு மாமா 18 கேட்டால் மறுபடி வெட்டும். எழுத்துருவின் லைன்ஸ்பேஸ் (ஒரு வரிக்கு வேண்டிய உயரம்) அளவை எடுத்து, அதோடு 6 பிக்சல் கூட்டி அதைக் கொடுங்கள்.