மறு: லோயஸுக்கு ‘காற்றடி வண்டல்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். காற்று அடித்துவந்து படியவைத்த நுண்மண்தான் லோயஸ் (loess). அதற்கு வழங்கும் ‘காற்றடி வண்டல்’ என்ற பெயரை மாற்றலாமா என்ற பேச்சில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘காற்றடி வண்டல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புழங்கும் சொல்லில் கைவைக்க எனக்கும் தயக்கம்தான். ஆனால் வண்டல் என்றதுமே வெள்ளம் வடிந்த நிலம்தான் கண்முன் வரும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல் உட்படப் பலர் லோயஸை நீர் கொண்டுவந்த மண் என்றே எண்ணினார்கள். சீனாவில் நேரில் பார்த்த ஜெர்மன் நிலவியலாளர் ரிக்டோஃபன், 1870களில், இது காற்றின் வேலை என்று வாதிட்டார். தீர்ந்த குழப்பத்தைப் பெயர் வழியாகத் திரும்ப அழைக்க வேண்டுமா?

வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆறு வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் சேறு என்று இறக்கும். வெள்ளத்துக்கு வெள்ளம் அடுக்கு விழும். லோயஸில் அந்த வரிகள் கிடையாது. ஒரே நுண்மண், வெட்டினால் செங்குத்தாக நிற்கும். சீனாவில் அதைக் குடைந்தே வீடு அமைத்திருக்கிறார்கள். (இடையிடையே பழைய மண் சிவப்புப் பட்டைகளாகத் தெரிவது வேறு கதை.) ஆறு தாழ்ந்த இடத்தில்தான் நிரப்பும், இது மேடு பள்ளம் பாராமல் மூடிவிடும்.

என் பரிந்துரை: புழுதிப்படிவு.

> ‘தேரி’ என்று அழகான சொல் இருக்கிறதே?

அழகுதான், ஆனால் தேரி என்றால் மணல். காற்று மணலைத் தரையை ஒட்டியே துள்ளவைத்து நகர்த்துகிறது. அது குவிந்து பிறைவடிவக் குன்றாகிறது. புழுதி மேலெழுந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் விழும். இரண்டுக்கும் பொதுச்சொல் வேண்டுமென்றால் வளிப்படிவு, அதற்கு இணையாக ஆற்றுப்படிவு. வண்டல் விசிறி, வெள்ளச் சமவெளி, டெல்டா என்று ஆற்றுப்படிவுகளுக்கு வழங்கும் பெயர்களில் எனக்கு மறுப்பே இல்லை.

> மஞ்சள் ஆறு அடித்து வருவதும் லோயஸ்தானே? அதற்கு என்ன பெயர்?

நல்ல கேள்வி. அந்த ஆற்றின் நிறமே அந்த மண் தந்ததுதான். சீனாவின் லோயஸ் பீடபூமியில் கிடக்கும்வரை புழுதிப்படிவு. ஆறு அரித்துப்போய்ச் சமவெளியில் இறக்கினால் வண்டல். மண் ஒன்றுதான், கொண்டுவந்தது யார் என்பதைப் பொறுத்துப் பெயர். பழைய சொல்லை வைத்துக்கொண்டால் ‘காற்றடி வண்டல் ஆற்று வண்டலாகிறது’ என்று எழுதி மாட்டிக்கொள்வோம்.

புழுதி பேச்சுவழக்காக இருக்கிறது என்பவர்கள் ‘நுண்தூசிப்படிவு’ என்று வைக்கலாம். எனக்கென்னவோ அது நுரையீரல் நோயின் பெயர்போல் கேட்கிறது.