20 நிமிடச் சோதனையும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்

செவிலியர், ஏற்காடு மலைப்பகுதி

மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, சேலத்து மருத்துவக் கல்லூரியொன்றில் நடந்த பாம்புக்கடிச் சிகிச்சைப் பயிலரங்கிற்கு என்னை அனுப்பினார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் நிலையத்தில் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் போய்த்தான் ஆக வேண்டுமா என்று முணுமுணுத்தபடியே விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிவதற்கே பதினொரு மணியாகிவிட்டது. முதல் விரிவுரையில் புள்ளிவிவரங்கள் வந்தன. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் திரையில் காட்டினார்கள். உண்மையைச் சொல்வதானால், அந்த எண்ணின் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேலே தனியாக விட்டுவந்த உடன்பணியாளரைப் பற்றிய கவலையே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாகப் பேசிய பேராசிரியர் படக்காட்சியை நிறுத்திவிட்டு, விஷமுறிவு மருந்தை 8 முதல் 10 குப்பி வரை ஏற்றித் தொடங்குகிறோமே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தைச் செலுத்துகிறது, ஒரு குப்பி மருந்து அதில் 6 மில்லிகிராம் அளவை முறிக்கிறது, இவ்வளவுதான் கணக்கு என்று பலகையில் எழுதிக் காட்டினார். அப்படியானால் ஐந்து வயதுக் குழந்தைக்கு எத்தனை குப்பி என்று அடுத்த கேள்வி வந்தது. பாதி போதும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் நான் மெல்லச் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. "குழந்தையாயிற்றே என்று பாம்பு குறைத்தா கொத்தும், சிஸ்டர்?" என்றார். அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் பணியில் சேர்ந்த நாள் முதல் அந்தப் பாதிக் கணக்கையே நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தபோது உள்ளங்கை வியர்த்தது.

நான் இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் பிற்பகல் அமர்வுதான். கண்ணாடிவிரியன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழக்கும் என்பதால், 2 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்துச் சோதனைக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்கும் சோதனையை நாங்கள் எல்லோரும் அறிவோம். பயிற்சியாளர் மேசைமேல் மூன்று குழாய்களை வைத்தார்: புதிய கண்ணாடிக் குழாய் ஒன்று, சோப்புத் தூளால் கழுவிக் காயவைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் குழாய் ஒன்று. நல்ல உடல்நலத்துடன் இருந்த ஒரு பயிற்சி மருத்துவர் தாமாக முன்வந்து கையை நீட்ட, அவருடைய இரத்தத்தையே மூன்றிலும் விட்டார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தபோது புதிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் கட்டியாக நின்றது. பிளாஸ்டிக்கில் தண்ணீராக ஓடியது. சோப்புத் தூள் பட்ட குழாயில் அரைகுறையாகக் கொழகொழவென்று இருந்தது. உறைதலைத் தொடங்கிவைப்பது கண்ணாடியின் பரப்பே என்றும், பிளாஸ்டிக்கோ சோப்பின் படிவோ அதைக் கெடுத்துவிடும் என்றும் விளக்கிய பின், "இப்போது இந்தத் தம்பிக்கு மருந்து ஏற்றிவிடலாமா?" என்று கேட்டார்.

அந்த நொடியில் என் கண்முன் வந்து நின்றது எங்கள் நிலையத்து அலமாரி. அதில் இருந்தவை அத்தனையும் பிளாஸ்டிக் குழாய்கள். அதற்கு முந்தைய ஆண்டு, தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை ஏதோ கடித்துவிட்டதென்று தூக்கி வந்தார்கள். எங்கள் சோதனையில் இரத்தம் உறையவில்லை. பதறிப்போய் அவரைச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே மீண்டும் சோதித்து, உறைகிறது என்று சொல்லி, மருந்து எதுவும் ஏற்றாமல் கவனிப்பில் மட்டும் வைத்திருந்து இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்தே கொடுக்காமல் அலைக்கழித்துவிட்டார்கள் என்று ஊரார் குறைப்பட்டபோது நானும் தலையாட்டியிருந்தேன். தவறு கீழே நடக்கவில்லை, என் அலமாரியில் இருந்தது. மறுநாள் என் சம்பளப் பணத்தில் இரண்டு டஜன் கண்ணாடிக் குழாய்களை வாங்கிக்கொண்டுதான் மலையேறினேன்.

உதவிப் பேராசிரியர், சேலம்

சகோதரி எழுதியதைப் படித்தபின், இத்தகைய பயிலரங்குகளை நடத்தும் தரப்பிலிருந்தும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் நடத்திய முதல் இரண்டு பயிலரங்குகளிலும் செய்முறையை மதியச் சாப்பாட்டுக்குப் பின்தான் வைத்திருந்தோம். பதிவேட்டில் கையொப்பமிட்டு, தொடர் மருத்துவக் கல்விக்குரிய மதிப்பெண்ணை உறுதிசெய்துகொண்ட மருத்துவர்களில் பாதிப் பேர் பிரியாணியோடு கிளம்பிவிட்டார்கள். மீதமிருந்தவர்கள் பெரும்பாலும் செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களுமே. எங்கள் படக்காட்சியோ முழுக்க ஆங்கிலம்.

இரண்டாவது பயிலரங்கின் பிற்பகலில் ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியர் எழுந்து, கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கட்டை உடனே அவிழ்த்துவிடலாமா என்று கேட்டார். நாங்கள் தயாரித்த படங்களில் கட்டுப் போடக் கூடாது என்பது மட்டுமே இருந்தது. போட்டுக்கொண்டு வந்துவிட்டவரை என்ன செய்வது என்பது இல்லை. சேலம் மாவட்டத்தில் கட்டோடு வருபவர்களே அதிகம் என்பது வார்டில் நிற்கும் எங்களுக்குத் தெரியாததல்ல. முதலில் இரத்த நாளத்தில் ஊசிவழி அமைத்து, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, அதன்பின் மெல்லத் தளர்த்த வேண்டும். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடலில் பரவும் என்று மேசையருகே நின்று தமிழில் விளக்கினேன். அன்று நான் பேசியவற்றுள் குறிப்பேடுகளில் ஏறியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அடுத்த பயிலரங்கிலிருந்து செய்முறையைக் காலை ஒன்பதரைக்கு மாற்றினோம். விளக்கேற்றுவதைப் பதினொன்றுக்குத் தள்ளியதில் சிலருக்கு வருத்தம்தான். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டதிலிருந்து, படிவம் நிரப்புவதற்கும் அரைமணி நேரம் ஒதுக்குகிறோம். அதில் சுவாரசியம் ஏதுமில்லை.

ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், ஏற்காடு சாலை

எனக்கு வாய்த்தது, தானாக மூச்சுவிட முடியாதவருக்குக் காற்றைச் செலுத்தும் மூச்சுப் பையை அழுத்தும் பயிற்சி. கல்லூரி அரங்கில், அசையாத மேசைமேல் கிடந்த பொம்மைக்கு முகமூடியைப் பொருத்தி, ஆறு நொடிக்கு ஒருமுறை அழுத்தி, நெஞ்சு எழுகிறதா என்று பார்த்து, நன்றாகச் செய்கிறாய் என்ற பாராட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். சில மாதங்களில் மலைக்கிராமம் ஒன்றில் தரையில் படுத்துறங்கிய இளைஞர் ஒருவரை ஏற்றினோம். கடித்த வலி இல்லை, தடமும் தெரியவில்லை. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை தூக்க முடியவில்லை. நரம்புகளைத் தாக்கும் விஷமுடைய கட்டுவிரியனாக இருக்கும் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். இறங்கத் தொடங்கிச் சில வளைவுகளிலேயே மூச்சு தளர்ந்தது. ஒரு கையால் முகமூடியைப் பிடித்து மறு கையால் பையை அழுத்தினால், வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் முகமூடி நகர்ந்து காற்று வெளியேறியது. கடைசியில் கூட வந்த அவருடைய மாமாவிடம் பையைக் கொடுத்து, நான் எண்ணும்போது மட்டும் அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, முகமூடியை இரு கைகளாலும் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த பயிற்சியின்போது இதைச் சொன்னதும், பயிற்சியாளர் பொம்மையை எங்கள் வண்டியின் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டச் சொல்லி, கல்லூரி வளாகத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். பின்னால் அவரே ஏறிப் பையைப் பிடித்தார். முதல் சுற்றில் பொம்மையின் நெஞ்சு மூன்று முறைக்கு மேல் எழவில்லை.