காணொளி பார்த்த நேரம் வார்டு நேரமாகுமா?

சேலம் டியூட்டர்:
முதலாண்டு நர்சிங் வகுப்பில் என்னிடம் அறுபது பேர். செய்முறை அறையில் ஒரே கட்டில். மருந்து ஏற்றக் கையில் செருகும் மெல்லிய குழாயான கேனுலாவை நான் போட்டுக் காட்டினால் முன்னால் நிற்கும் எட்டுப் பேருக்குத்தான் என் விரல்கள் தெரியும். அதனால் கைபேசியில் படமெடுத்துத் தமிழில் விளக்கம் சேர்த்தேன். ஊசி இரத்த நாளத்துக்குள் போனதும் பின்னாலுள்ள சிறு அறையில் இரத்தம் ஏறுகிற அந்த நொடியை இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். இரத்த அழுத்த ஒலிகளையும் பதிவாகவே கேட்க வைக்கிறேன். இந்த நேரத்தில் ஒரு பகுதியை வார்டுப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏற்காடு சிஸ்டர் (ஓய்வு):
சேர்க்கவே கூடாது. நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒலிப்பதிவு கேட்டுத் தேறிய ஒரு மாணவி, ஒரு பெரியவருக்கு அழுத்தம் 140 என்று எழுதினாள். எனக்குச் சந்தேகம். மணிக்கட்டில் விரல் வைத்து, மேற்கையில் சுற்றிய பட்டையில் காற்றை ஏற்றினேன்; 190 தாண்டியும் நாடி துடித்தது. பட்டையின் காற்றை இறக்கும்போது சில முதியவர்களுக்கு ஒலி நடுவில் மறைந்து மீண்டும் கேட்கும். அவள் 150 வரை மட்டுமே ஏற்றி, அந்த மௌனத்துக்குள் இறங்கிவிட்டாள். முதலில் நாடியைத் தொடு, அது மறைந்த பிறகும் 30 ஏற்று என்பது பழைய பாடம். அவள் கேட்ட பதிவில் மணிக்கட்டே இல்லை. எங்களுக்கு இரண்டு பேர் ஒன்றாகக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. ஒரு ஜோடி என் காதில், ஒரு ஜோடி மாணவியின் காதில். "இதோ, இப்போது" என்று தோளைத் தட்டுவேன்.

மலை மாணவி:
வணக்கம் சிஸ்டர். நான் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இதய வால்வுகள் பற்றி ஆங்கிலப் புத்தகத்தில் நான்கு முறை படித்தும் புரியவில்லை. அசையும் படத்தில் ஒரே மாலையில் புரிந்தது. ஊரில் சிக்னல் கிடையாது. வெள்ளிக்கிழமை சேலம் விடுதியிலேயே பதிவிறக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரே பாடத்தைப் பதினொரு முறை பார்த்திருக்கிறேன். பதினோராவது முறை டீச்சரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

ஏற்காடு சிஸ்டர் (ஓய்வு):
கண்ணு, நீ பார்ப்பதை நான் தடுக்கவில்லை. இன்னும் பார். ஆனால் உனக்குக் கேட்க வாய் வரவில்லை என்றால், அது உன் டீச்சர்கள் சரிசெய்ய வேண்டிய குறை. அதைத் திரையை வைத்து மூடக் கூடாது.

சேலம் டியூட்டர்:
அந்தக் குறை எனக்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மணிக்கட்டையும் இந்த வாரமே படமெடுக்கிறேன். ஆனால் நோயாளியையும் நினைத்துப் பாருங்கள் சிஸ்டர். ஒரே வார்டில் பல கல்லூரி மாணவிகள். காய்ச்சலில் கிடக்கும் ஒருவரின் கையில், ஒன்றும் தெரியாமல் வருகிறவள் மூன்று முறை குத்துவது நியாயமா? 2021இல் வந்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டமே மாதிரிப் பயிற்சிக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இரவுப்பணி நர்ஸ்:
மாதிரிப் பயிற்சி வேறு, காணொளி வேறு. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியை, லேர்டல் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த பயிற்சிப் பொம்மையில்தான் பழகினேன். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று படம் சொல்லும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறைவதைப் பொம்மைதான் சொல்லும். மற்றபடி, பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் இரத்தப்போக்கை நான் படித்த காலத்தில் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. அதற்குக் காணொளி இருந்திருந்தால் முதல் இரவில் அப்படி நடுங்கியிருக்க மாட்டேன்.

ஏற்காடு சிஸ்டர் (ஓய்வு):
அதற்கு வேண்டும், மறுக்கவில்லை. நோயாளியைக் குத்தாமல் பழக ரப்பர் கை வாங்குங்கள். அதில் பழகும் நேரத்தைச் செய்முறை அறைக் கணக்கில் எழுதுங்கள். திரை முன் உட்கார்ந்த நேரத்தை வகுப்பு நேரமாகவே எழுதுங்கள். வார்டு நேரத்தில் ஒரு மணி குறைந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.