‘தேவைவழிக் காரணக்கலப்பு’: பாராசிட்டமால் ஆய்வுகளைப் பேச ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவச் சொற்பட்டியலுக்காக, ‘கன்ஃபவுண்டிங் பை இண்டிகேஷன்’ (மருந்து எடுக்க வைத்த நோயின் விளைவு, மருந்தின் விளைவாகத் தோன்றுவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இந்த இழையில் முன்பு ஒருவர் சொன்ன ‘குழப்பக் காரணி’ போதவில்லை. இரண்டு மூன்று காரணங்கள் பிரிக்க முடியாமல் கலந்து கிடப்பதுதான் அங்கே சிக்கல். ‘நோய்வழிக் காரணக்கலப்பு’ என்று வைக்கலாமா?

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, கர்ப்பத்தில் போடும் பாராசிட்டமாலையும் (காய்ச்சல், வலி மாத்திரை) பிள்ளைக்கு வரும் ஆட்டிசத்தையும் (பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் வளர்ச்சிச் சிக்கல்) சேர்த்துப் பேசியதிலிருந்து கர்ப்பிணிகளுக்குப் பயம் கூடிவிட்டது. அவர்களுக்குத் தமிழில் விளக்க உட்கார்ந்தால் இந்த இடத்தில்தான் சொல் கிடைக்காமல் நிற்கிறோம். ஒரு பெண் காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறார். பின்னால் பிள்ளைக்கு வளர்ச்சிச் சிக்கல் தெரிகிறது. காரணம் மாத்திரையா, காய்ச்சலா, காய்ச்சலைத் தந்த தொற்றா, குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கும் மரபுக்கூறா? மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் இது பிரியாது.

சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து, கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுப்பது பற்றி 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பொதுவாக ஒப்பிட்டபோது, எடுத்தவர்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் மிகச் சிறிதளவு கூடுதலாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மருந்து எடுத்து, அடுத்த பிள்ளைக்கு எடுக்காத தாய்மார்களின் குழந்தைகளை ஒப்பிட்டதும் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டது. தாயும் குடும்பமும் ஒன்றே என்பதால், குடும்பத்தின் பங்கு இதில் பெரிதும் விலகிவிடுகிறது. இந்த முறைக்கு ‘உடன்பிறந்தோர் ஒப்பீடு’ என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி:

ஐயா, ‘நோய்வழி’ என்றால் நோய் பரவும் வழி என்று படித்துவிடுவார்கள். இலக்கணத்தில் ஒன்று இன்னொன்றோடு கலப்பதை ‘மயக்கம்’ என்பார்கள்; திணைமயக்கம், உருபுமயக்கம் இருக்கின்றனவே, ‘காரணமயக்கம்’ பொருந்தாதா? இன்னொன்று, வலி மாத்திரை எதுவானாலும் பயமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுமொழி:

‘மயக்கம்’ அழகான சொல். ஆனால் கர்ப்பம் பற்றிய கட்டுரையில் அதைத் தலைசுற்றல் என்றுதான் படிப்பார்கள். ‘நோய்வழி’ பற்றி நீங்கள் சொன்னது சரி. மருந்தைத் தேட வைத்த தேவையே கலப்புக்கு வழி என்பதால் ‘தேவைவழிக் காரணக்கலப்பு’ என்று மாற்றிக்கொள்வோம்.

உங்கள் இரண்டாவது கவலை முக்கியமானது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளில் தீங்கு எப்படி நேர்கிறது என்பதே தெரியும். அவை புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருளைத் தடுக்கின்றன. அதனால் சிசுவின் சிறுநீரகம் மந்தமாகிப் பனிக்குட நீர் குறையலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிடும் நாளம் பிறப்பதற்கு முன்பே சுருங்கிவிடவும் கூடும். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. பாராசிட்டமாலைத் தேவைப்படும்போது குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவரைக் கேட்டுப் போடலாம். கடும் காய்ச்சலை அப்படியே விடுவதும் சிசுவுக்கு ஆபத்து.

சொற்பட்டியலுக்கான எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘தேவைவழிக் காரணக்கலப்பை நீக்காத ஆய்வில், காய்ச்சலின் விளைவு மாத்திரையின் விளைவாகத் தோன்றலாம்.’ திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.