அவசர வழி இருக்கை: முன்பு கேட்டதற்கான புதுப்பிப்பு

ஆறடிக்கு மேல் உயரமுள்ள என் தம்பிக்கு, பெங்களூரிலிருந்து லண்டன் செல்லும் விமானத்தில் அவசர வழி வரிசையில் இடம் பிடிப்பது எப்படி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இடம் கிடைத்தது, அவனும் நலமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய்க் கவுண்டரில் கேட்கும்படி பலர் சொன்னீர்கள்; ஆனால் இப்போது பல நிறுவனங்கள் இந்த இருக்கைகளைக் கூடுதல் கட்டணத்துக்கு முன்கூட்டியே விற்றுவிடுவதால், சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே பணம் கட்டிப் பதிவு செய்ததுதான் பலித்தது.

கால் நீட்டத் தாராளமான இடம். ஜன்னலோரத்தைத் தவிர்க்கச் சொன்ன அன்பருக்குத் தனி நன்றி: பெரிய விமானங்களில், ஆபத்து நேரத்தில் பயணிகள் வழுக்கி இறங்குவதற்கான அவசரச் சறுக்கு மடித்து வைக்கப்பட்டிருக்கும் கதவின் அடிப்பகுதி உட்புறம் புடைத்து நிற்பதால், அங்கே அமர்பவருக்கு ஒரு கால் இடித்துக்கொண்டே இருக்கும். உணவுத்தட்டு கைப்பிடிக்குள் அடங்கியிருப்பதால் இருக்கை சற்று ஒடுக்கம். கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பையை மேலே வைத்தாக வேண்டும். ஆகவே கண்ணாடி, மாத்திரை போன்றவற்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

வயதான தாயாருக்கு இதே இருக்கையைக் கேட்ட ஏற்காட்டு நண்பருக்கு: ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடிய உடல்வலு உள்ளவர்களுக்கு மட்டுமே இதைத் தருவார்கள். அவருக்கு, கழிப்பறைக்கு அருகில் நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.